25,000 ரூபாய்க்குள் ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச்: எதை வாங்கலாம்?

கேள்வி:
வணக்கம். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் கடலில் நீந்துவேன். மற்ற நேரமெல்லாம் கணினி முன்தான். பின்மூடியில் 50 மீட்டர் என்று பொறித்திருந்ததை நம்பிப் பழைய கடிகாரத்தோடு கடலில் இறங்கியதில், இரண்டாம் மாதமே கண்ணாடிக்குள் ஆவி படிந்து, ஆறாம் எண்ணருகே ஒரு நீர்த்துளியும் உருளத் தொடங்கியது. இப்போது சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது போதுமா? கை அசைவிலேயே சாவி ஏறும் அப்பாவின் ஆட்டோமேட்டிக் கடிகாரம், சனிக்கிழமை காலையில் கழற்றி வைத்தால் திங்களன்று நின்றிருக்கிறது. எல்லா ஆட்டோமேட்டிக்கும் இப்படித்தானா?

முதல் பதில்:
50 மீட்டர் என்பது அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்த அளவே தவிர, அந்த ஆழம்வரை மூழ்கலாம் என்பதற்கான உத்தரவாதம் அன்று. நீங்கள் பார்த்திருக்கும் 5 ஸ்போர்ட்ஸ், தோற்றத்தில் 1996-இல் வந்த சீக்கோவின் எஸ்.கே.எக்ஸ்.007-ஐ ஒத்திருந்தாலும், 200 மீட்டர் தாங்கிய அந்தப் பழைய டைவ் வாட்ச்சைப் போலன்றி 100 மீட்டர்தான் தாங்கும். ஓரத்தில் நேரம் திருத்தும் குமிழான கிரவுனையும் திருகி இறுக்க முடியாது. நீச்சலுக்கு அது போதும் என்பவர்கள் உண்டு. ஒரு முறை நீர் புகுந்த அனுபவம் உள்ள உங்களுக்கு நான் ஓரியண்ட் கமாசுவையே சொல்வேன்: 200 மீட்டர், திருகி மூடும் கிரவுன், எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி. அகலம் ஏறத்தாழ 42 மி.மீ. என்பதால் மணிக்கட்டு மெலிந்தவர் கையில் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அப்பாவின் கடிகாரத்தில் பழுது எதுவும் இல்லை. இந்த விலையில் கிடைக்கும் பல கடிகாரங்கள் முழுச் சாவியில் 40 மணி நேரமே ஓடும். கமாசுவுக்குக் கையாலும் சாவி கொடுக்கலாம்; பழைய எஸ்.கே.எக்ஸில் அந்த வசதியும் இல்லை.

இரண்டாம் பதில்:
சிட்டிசன் ப்ரோமாஸ்டர் என்.ஒய்.0040-ஐயும் பாருங்கள். கிரவுன் எட்டு மணிப் பக்கம் இருப்பதால் கையை மடக்கும்போது புறங்கையில் குத்தாது. எதை வாங்கினாலும் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். நீரில் இறங்கும் முன் கிரவுன் இறுகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். என் கைக்குப் பழகிய கடிகாரத்தை நானே ஒரு நாள் கிரவுன் திறந்தபடி கடலுக்குள் கொண்டுபோயிருக்கிறேன்.

கேட்டவர்:
கமாசுவே வாங்கிவிட்டேன். நீர் புகவில்லை, ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்துகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

முதல் பதிலளித்தவர்:
அவசரப்படாதீர்கள். சில நொடிகள் முன்பின்னாவது இயல்பு. திடீரென நிமிடக்கணக்கில் முந்தினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். கடிகாரத்தின் ஊசலாட்டத்தைச் சீராக்கும் மெல்லிய வில்லான மயிரிழைச் சுருளில் காந்தம் ஏறினால், அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் ஊசலாட்டம் விரைவாகிறது. இரவில் எதன் அருகே வைக்கிறீர்கள்? சாதாரணத் திசைகாட்டி ஒன்றைக் கடிகாரத்தருகே மெல்ல நகர்த்தி, முள் திரும்புகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
புளூடூத் ஸ்பீக்கரின் மேல்தான் வைத்துவந்தேன், ஐயா. முள் நன்றாகவே திரும்பியது. கடிகாரக் கடையில் காந்தம் நீக்கும் கருவியில் வைத்து அரை நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து இன்றுவரை 12 நொடிதான் முந்தியிருக்கிறது. ஸ்பீக்கரை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன்.