பாஸ்வேர்ட் ஃபைல் பழைய லேப்டாப்பில் திறக்கவில்லை, அவசரம்

கெடிலக்கரை, காலை 7.40
வணக்கம். என் பாஸ்வேர்ட் எல்லாம், அவற்றைப் பூட்டி வைக்கும் கீபாஸ் மென்பொருளின் ஒரே ஃபைலில்தான் இருக்கிறது. முந்தாநாள் வரை நன்றாகத் திறந்தது, இன்று காலை வீட்டு லேப்டாப்பில் போட்டால் திறக்க முடியவில்லை என்று சொல்கிறது. பாஸ்வேர்ட் சரிதான், பத்து தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். இன்று 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். கடை பாண்டியில், இன்று ஞாயிறு, சாவி பார்ட்னரிடம், அவர் ஊரில் இல்லை. லினக்ஸ்தான். யாராவது வழி சொல்லுங்கள்.

திருப்பாதிரி, 7.52
ஃபைலை பென்டிரைவில் கொண்டு வந்தீர்களா? அப்படியென்றால் பென்டிரைவை எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கியிருப்பீர்கள். லினக்ஸ் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருந்து அப்புறம்தான் எழுதும், அதற்குள் உருவினால் பாதி ஃபைல்தான் இருக்கும். அளவு எத்தனை கேபி என்று பாருங்கள்.

லாஸ்பேட்டைவாசி, 7.58
கீபோர்டு லேஅவுட் பார்த்தீர்களா? பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா என் லேப்டாப்பை ஒரு வாரம் வாங்கி வைத்திருந்து பிரெஞ்சு லேஅவுட்டை மாற்றாமலே திருப்பிக் கொடுத்தார். அதில் ‘ஏ’ இருக்கும் இடத்தில் ‘க்யூ’ விழும், எண்ணுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். பாஸ்வேர்ட் கட்டத்தில் வெறும் புள்ளிதானே தெரியும், இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். முதலில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் அடித்துப் பாருங்கள்.

பழையலினக்ஸ், 8.10
‘லினக்ஸ்தான்’ என்றால் என்ன புரிந்துகொள்வது? ‘கீபாஸ்’ என்று பொதுவாகச் சொன்னால் மூன்று மென்பொருள் இருக்கிறது. கீபாஸ் என்பது 2003-லிருந்து வருகிற முதல் மென்பொருள், லினக்ஸில் ஓட அதற்கு மோனோ என்ற துணை மென்பொருள் வேண்டும். கீபாஸ்எக்ஸ் லினக்ஸுக்காக எழுதியது, கடைசி வெளியீடு 2016-இல் வந்தது, 2021-இல் நிறுத்திவிட்டோம் என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் கீபாஸ்எக்ஸ்சி. இதில் எது, பதிப்பு எண் என்ன, எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), பிழைச் செய்தியில் எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறது? இதைக்கூடக் கொடுக்காமல் அவசரம் என்று எழுதினால் ஆளாளுக்கு ஜோசியம்தான் சொல்வார்கள். எத்தனை தடவைதான் இதையே எழுதுவது.

உப்பனாறு, 8.15
அவர் பதற்றத்தில் எழுதியிருக்கிறார், கேள்வியை மட்டும் கேட்போம். கெடிலக்கரை சார், பிழைப் பெட்டியில் ஒரு வரிதான் வருகிறதா, கீழே இன்னொரு வரி இருக்கிறதா? கடையிலும் வீட்டிலும் ஒரே நிரல்தானா? கடையில் கடைசியாக என்ன மாற்றினீர்கள்?

கெடிலக்கரை, 8.31
மன்னிக்கவும். பென்டிரைவ்தான், ஆனால் எஜெக்ட் கொடுத்துத்தான் எடுத்தேன். 38 கேபி இருக்கிறது, எப்போதும் அவ்வளவுதான். கீபோர்டு யூஎஸ் மட்டும்தான். வீட்டில் பழைய 32 பிட் நெட்புக், மின்ட் 19, கீபாஸ்எக்ஸ் 2.0.3. கடையில் புது கம்ப்யூட்டர், கீபாஸ்எக்ஸ்சி. இரண்டிலும் ஒரே ஃபைலைத்தான் ஒரு வருடமாகத் திறந்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடையில் மெயிலுக்கான ஓடிபி எண்ணை உருவாக்கும் ரகசியக் குறியீட்டையும் அதிலேயே சேர்த்தேன், அப்போது செட்டிங்ஸையும் கொஞ்சம் பார்த்தேன். பெட்டியில் இரண்டாவது வரி இருக்கிறது: ‘அன்சப்போர்ட்டட் கீபாஸ் டேட்டாபேஸ் வெர்ஷன்’.

லாஸ்பேட்டைவாசி, 8.36
யூஎஸ் என்றாலும் ஒரு தடவை எடிட்டரில் அடித்துப் பாருங்கள். தமிழ்99 லேஅவுட்டுக்கு மாறி நின்றாலும் இதே கதைதான்.

உப்பனாறு, 8.44
இல்லைங்க, அந்த இரண்டாவது வரியிலேயே விடை இருக்கிறது. பாஸ்வேர்ட் தவறாக இருந்தாலோ ஃபைல் கெட்டுப்போயிருந்தாலோ கீபாஸ்எக்ஸ் வேறு செய்தி காட்டும், சாவி தவறு அல்லது ஃபைல் பழுது என்று வரும். இங்கே அது பாஸ்வேர்டைச் சோதிக்கும் இடத்துக்கே போகவில்லை. ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் வடிவ எண்ணைப் படித்துவிட்டு, இது எனக்குத் தெரியாது என்று நின்றுவிட்டது.

கேடிபிஎக்ஸ் என்பது இந்த ஃபைலின் வடிவம். கீபாஸ்எக்ஸுக்குக் கேடிபிஎக்ஸ் 3 வரைதான் தெரியும். 4 வந்தது 2017-இல், அதற்கு முந்தின வருடமே இதன் கடைசி வெளியீடு முடிந்துவிட்டது. கீபாஸ்எக்ஸ்சியில் டேட்டாபேஸ் செக்யூரிட்டி, அதற்குள் என்க்ரிப்ஷன் செட்டிங்ஸ் போனால் கேடிபிஎக்ஸ் 4 பக்கத்தில் ‘ரெகமெண்டட்’ என்று போட்டிருக்கும். அதைத் தொட்டீர்களா?

கெடிலக்கரை, 8.49
ஆமாம். ரெகமெண்டட் என்று இருந்ததால் அதை வைத்து சேவ் பண்ணினேன். ஃபைல் போச்சா?

உப்பனாறு, 8.57
போகவில்லை, பயப்படாதீர்கள். அந்த ஃபைல் நல்ல ஃபைல். இன்று பாண்டி போகவும் வேண்டாம். மின்ட் 19-க்கு அடியில் இருப்பது உபுண்டு 18.04, அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே கீபாஸ்எக்ஸ்சி 2.3.1 இருக்கிறது. 2.3-லிருந்தே அது கேடிபிஎக்ஸ் 4-ஐத் திறக்கும். முதலில் ஃபைலை இன்னொரு பெயரில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கீபாஸ்எக்ஸ்சி’, கட்டளையில் எல்லாம் சின்ன எழுத்து. அதில் அந்த நகலைத் திறங்கள். பாஸ்வேர்டை அடித்ததும் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆகலாம், ஏனென்றால் திறக்கும்போது போட வேண்டிய கணக்கின் அளவைக் கடை கம்ப்யூட்டரின் வேகத்துக்கு ஏற்றபடி அது வைத்திருக்கும். தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள்.

பழையலினக்ஸ், 9.05
தீர்வு சரி. ஆனால் மின்ட் 19-க்கு 2023 ஏப்ரலோடு ஆதரவு முடிந்தது. பாஸ்வேர்டை அதில் வைத்திருப்பதே தவறு. இன்னொன்று, ஓடிபியையும் அதே ஃபைலில் வைப்பதா? இரண்டு பூட்டுக்கும் ஒரே வளையத்தில் சாவி மாட்டியது போல. ஒருவன் அந்த ஃபைலைத் திறந்தால் இரண்டும் போய்விடும். அடிப்படை.

லாஸ்பேட்டைவாசி, 9.14
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி, பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது என் சட்டைப் பையிலிருந்து ஃபோன் தண்ணீரில் விழுந்தது. ஓடிபி எல்லாம் அந்த ஒரு ஃபோனில்தான் இருந்தது. பாஸ்வேர்ட் ஃபைல் பரண்மேல் பென்டிரைவில் பத்திரமாக இருந்தும் மெயிலுக்குள் போக முடியவில்லை, மூன்று வாரம் அலைந்தேன். திருடன் வருவானோ இல்லையோ, எங்கள் ஊரில் தண்ணீர் வரும்.

பழையலினக்ஸ், 9.20
அதற்கு இரண்டாவதாக ஒரு ஃபைல் வைத்து, அதற்கு வேறு பாஸ்வேர்ட் போட்டு ஓடிபியை அதில் வைக்கலாம். ஒரே ஃபைல்தான் வழி என்று யார் சொன்னது?

திருப்பாதிரி, 9.26
இரண்டு ஃபைல், இரண்டு பாஸ்வேர்ட் என்றால் என் அப்பா இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுவார்.

உப்பனாறு, 9.33
மெயில் கணக்கில் ஓடிபி போடும்போது, ஓடிபி இல்லாத சமயத்தில் அடிக்க மாற்றுக் குறியீடுகள் கொடுப்பார்கள், அதை அச்சிட்டு ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். தானே புயலுக்கு அப்புறம் எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எல்லாம் அப்படித்தான். ஓடிபி எந்த ஃபைலில் இருந்தாலும் அந்தக் காகிதம் கைகொடுக்கும்.

கெடிலக்கரை சார், கடைக்குப் போனதும் கீபாஸ்எக்ஸ்சி செட்டிங்ஸில் சேவ் செய்யுமுன் பேக்கப் எடுக்கும் வசதியை ஆன் பண்ணுங்கள். சும்மா இருந்தால் அது ஆஃபில்தான் இருக்கும். திரும்பக் கேடிபிஎக்ஸ் 3-க்குப் போவதும் அதே இடத்தில்தான், ஆனால் போக வேண்டாம், பழைய கீபாஸ்எக்ஸை நீக்குங்கள். அதே இடத்தில் ஆர்கான்2டி, ஆர்கான்2ஐடி என்று நான் சொன்ன அந்தக் கணக்குக்கு இரண்டு முறை இருக்கும். வீட்டில் இருக்கப்போவது பழைய பதிப்பு, அதற்கு ஐடி தெரியாது, அதனால் டி-யிலேயே விடுங்கள்.

லாஸ்பேட்டைவாசி, 10.50
என்ன ஆச்சு, திறந்ததா?

கெடிலக்கரை, திங்கள் மதியம் 1.15
திறந்தது. ஏழெட்டு விநாடி எடுத்தது, நீங்கள் சொல்லியிருந்ததால் காத்திருந்தேன். ரிட்டர்ன் நேற்றே போட்டாச்சு. கடையில் பேக்கப்பும் ஆன் பண்ணிவிட்டேன். ரொம்ப நன்றி, உப்பனாறு.

பழையலினக்ஸ், 1.40
அந்த நெட்புக்கை எப்போது மாற்றப்போகிறீர்கள்? 32 பிட்டுக்கு டெபியன் 12 இருக்கிறது, போட்டுத் தர நான் வருகிறேன், கடலூர்தானே.