உளுந்துக்கு 30 சதவீத முன்பணம் கேட்கும் தரகர்: எதை வைத்து நம்புவது?

புதுக்கணக்கு (பகோ):
வணக்கம். பர்மாவில் பகோ பக்கத்து உளுந்தை வாங்கி யாங்கோனில் ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குகிறேன். யாங்கோன் பாயின்னவுங் சந்தைத் தரகர் ஒருவர் மூலம் ஒரு கன்டெய்னர் பேசியிருக்கிறது. 24 டன், 50 கிலோ மூட்டையில் 480. விலையை இன்றே முடிக்க வேண்டும், 30 சதவீதம் முன்பணம், சரக்கு மூன்று வாரம் கழித்து என்கிறார். நம் தமிழ் ஆள்தான், கோயில் கமிட்டியில் இருக்கிறார், எல்லாரும் நல்லவர் என்கிறார்கள். இது போதுமா? வேறு என்ன விசாரிக்க வேண்டும்?

மொகல்தெரு:
தம்பி, கோயில் காரியத்தில் நேர்மையாக இருப்பவர் என்றால் அது நல்ல அடையாளம்தான். ஆனால் உளுந்தில் வாக்குத் தவறுவது பெரும்பாலும் திருட்டுப் புத்தியால் இல்லை. விலை முடித்த நாளுக்கும் சரக்கு எடுக்கும் நாளுக்கும் நடுவில் சந்தை நகர்ந்துவிடும். ஏறினால் விற்றவருக்குக் கை வராது, இறங்கினால் வாங்கியவருக்குக் கை வராது. அதனால் "ஆள் எப்படி?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "விலை ஏறிய வாரத்தில் பேசிய விலைக்கே சரக்கு கொடுத்தாரா?" என்று கேளுங்கள். அப்படி ஒரு வாரத்தில் அவரிடம் வாங்கிய மூன்று பேரை நீங்களே தேடிப் பிடியுங்கள், அவர் கொடுக்கும் பெயர்கள் வேண்டாம்.

நீங்கள் விற்கப்போகும் ஏற்றுமதிக்காரரிடம் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி உச்சவரம்பு வைத்தபோது இங்கே விலை விழுந்தது. அதற்கு முன் பேசி வைத்திருந்த சரக்கை எடுத்துக்கொண்டாரா, "தரம் சரியில்லை" என்று தட்டிக் கழித்தாரா? சந்தையில் பழைய ஆட்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும்.

அடுத்தது, முன்பணம் யார் கணக்குக்குப் போகிறது? தரகர் என்றால் சரக்குக்காரர் பெயரைச் சொல்ல வேண்டும், பணம் சரக்குக்காரர் கணக்குக்கே போக வேண்டும், தரகு சரக்கு எடுத்த பிறகுதான். தன் கணக்கில் போடச் சொன்னால் அவர் உங்களுக்குத் தரகர் இல்லை, விற்பவர். அப்படியானால் அவரிடம் சரக்கு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

30 சதவீதம் மிக அதிகம். விலை 15 சதவீதம் ஏறினால், வேறு ஆளுக்கு விற்று அந்த 15ஐயும் எடுத்து உங்கள் 30ஐயும் கையில் வைத்துக்கொள்ள அவரால் முடியும். நல்ல மனிதரை அந்த நிலைமையில் நிறுத்தவே கூடாது. முதலில் கிடங்கில் இருக்கும் சரக்கு 50 மூட்டை, எடை போட்டதும் முழுப் பணம். பிறகு 200. சரக்கு வருமுன்னே விலை முடிக்கும் பேச்சு அதற்கப்புறம், அப்போதும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

வீசைக்கல்:
சரக்கு பார்க்கும் இடத்திலேயே ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும். 480 மூட்டைக்கு 22 மூட்டையாவது குத்த வேண்டும். நூறுக்கு மேல் போனால் எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்பது வழக்கமான கணக்கு. எந்த மூட்டை என்று நீங்கள்தான் கை காட்ட வேண்டும், அடுக்கின் முன்வரிசை மட்டும் போதாது. குத்தூசியை மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் விட்டு எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்துக் குறைத்து, மூன்று பொட்டலம் கட்டி முத்திரை வையுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று நடு ஆளுக்கு. உள்வரிசையைப் பிரிக்கத் தயங்குகிறவரிடம் கன்டெய்னர் பேச வேண்டாம். மாசி, பங்குனியில் வரும் புதுச் சரக்கில் ஈரம் கட்டாயம் பாருங்கள். 12 சதவீதத்துக்கு மேல் இருந்து மழைவரை கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

எடையிலும் கவனம். ஒரு வீசை 1.633 கிலோ. (சொல் நம்முடையது, பர்மியர் பெய்த்தா என்பார்கள்.) 24 டன்னுக்கு 14,697 வீசை. 1.6 என்று சுளுவாக வகுத்தால் 15,000 வரும். அந்த 303 வீசை, ஏறக்குறைய பத்து மூட்டைப் பணம். சாக்கு எடை கழிப்பதையும் முன்கூட்டியே பேசுங்கள்.

கம்பெனி பெயர் சொன்னால் மைகோ (MyCO) என்ற மியான்மர் அரசின் கம்பெனி இணையப் பதிவேட்டில் தேடுங்கள். பெயர் தேடக் காசு இல்லை. பதிவு நிறுத்தி வைக்கப்பட்டதாகக் காட்டினால், ஆண்டறிக்கைகூடக் கொடுக்காத கம்பெனியாக இருக்கலாம். ஏன் என்று நேரடியாகக் கேளுங்கள்.

புதுக்கணக்கு:
இருவருக்கும் நன்றி அண்ணே. அவரிடம் பேசினேன். முன்பணத்துக்கு ஈடாக இன்னொரு உளுந்து அடுக்கின் கிடங்குச் சீட்டு தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

தட்டோன் பெட்டியடி:
சீட்டு என்பது சரக்கு ஆகாது. கிடங்குக்குப் போய், கிடங்குக்காரர் பேரேட்டில் அந்த அடுக்கு உங்கள் பெயருக்கு மாறினால்தான் அது ஈடு. மாற்றாமல் சீட்டை மட்டும் கையில் வைத்திருந்தால், அதே அடுக்கைக் காட்டி இன்னொருவரிடமும் பணம் வாங்க வழி இருக்கிறது. தொலைபேசியில் கேட்பதானால் தரகர் தரும் எண்ணில் கேட்காதீர்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உளுந்துக் கடனுக்கு உளுந்தே ஈடு என்றால், விலை விழும் நாளில் அவரும் நொடிப்பார், ஈடும் நொடிக்கும். நெல் நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்த நம் செட்டியார்களுக்கு இங்கே நடந்தது இதுதான். கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் 6 சதவீத நிலம் இருந்தது, 1937இல் 25 சதவீதம். அவர்கள் கேட்டது நிலமில்லை, பணம். நெல் விலை விழுந்ததும் கடன்காரரால் கட்ட முடியவில்லை, நிலத்தை வாங்கவும் ஆளில்லை. 1948இல் நில தேசியமயச் சட்டமும் வந்தது. அதனால் சரக்கு ஈடு என்றால் அன்றைய விலையில் பாதிக்கு மேல் மதிக்காதீர்கள். நிலக்கடலை போல வேறு சரக்காக இருந்தால் இன்னும் நல்லது.

மொகல்தெரு:
தட்டோன் அண்ணன் சொன்னது சரி. தம்பி, பேசியதை வைபரில் அன்றே எழுதி அனுப்புங்கள்: விலை வீசைக்கா டன்னுக்கா, எந்தத் தரம், எந்தக் கிடங்கு, எந்தத் தேதி, எடைக்கூலி யார் தருவது, தேதி தவறினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். பர்மியிலும் எழுதுங்கள், கிடங்குக்காரருக்கும் அதுதான் புரியும். "சரி" என்று அவர் பதில் போட்ட பிறகு பணம் அனுப்பினால் போதும்.