மூன்று தலைமுறை சர்க்கரை: மரபணுப் பரிசோதனை செய்தவர்கள் இருக்கிறீர்களா?

எனக்கு வயது 32, ஊர் மதுரை. உயரம் 170 செ.மீ., எடை 62 கிலோ, தொப்பை கிடையாது. 14 மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 7.8 சதவீதம். தாகம், அடிக்கடி சிறுநீர் என்று எந்த அறிகுறியும் இல்லை.

அன்றிலிருந்து மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும். இரவுச் சோற்றை விட்டாயிற்று, தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். எடைதான் 3 கிலோ குறைந்தது, எச்பிஏ1சி 7.4-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. வெறும் வயிற்றில் 140-க்கு மேல். ஜிஏடி ஆன்டிபாடி (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே தாக்குகிறதா என்று காட்டுவது) நெகட்டிவ், சி-பெப்டைடு (உடலில் இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டுவது) நார்மல். அதனால் டைப் 1 ஆக இருக்க வாய்ப்பு குறைவு என்றார் டாக்டர்.

அப்பத்தாவுக்கு 40 வயதுக்குள் வந்தது, அப்பாவுக்கு 34-ல், அண்ணனுக்கு 27-ல். யாருமே குண்டு இல்லை. அம்மா பக்கம் ஒருவருக்கும் கிடையாது. "பரம்பரைதான், விடுங்க" என்கிறார்கள். சரி, ஆனால் எந்தப் பரம்பரை? வழக்கமான டைப் 2-வில் பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆபத்தைக் கூட்டும். 'மோடி' (MODY) என்ற, இளவயதிலேயே வரும் வகையில் (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்) ஒரே மரபணு மாற்றம்தான். பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு. அதிலும் எச்என்எஃப்1ஏ மரபணு என்றால் குறைந்த அளவு சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கே நன்றாகக் கட்டுப்படும். எனக்கு 3 வயதில் மகள் இருக்கிறாள்.

மோடி மரபணுப் பரிசோதனை செய்துகொண்டவர்களே, முடிவு வந்த பிறகு உங்கள் மருந்து மாறியதா?