புதுப்பிப்பு: கிட்டார் இல்லாத குழுவில் பேஸ்

கிட்டார்காரர் வளைகுடாவுக்குப் போய்விட்டார், பேஸையும் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) டிரம்ஸையும் மட்டும் வைத்து எங்கள் மார்த்தாண்டம் குழு தாக்குப்பிடிக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். மோட்டார்ஹெட் என்ற ஆங்கில ராக் குழுவில் பேஸ் வாசித்த லெம்மியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். இப்போது வேறு எதுவும் கேட்பதில்லை!

மனிதர் முதலில் கிட்டார்காரர். 1970களின் தொடக்கத்தில் ஹாக்விண்ட் குழுவில் சேர்ந்த பிறகே பேஸுக்கு மாறினார். கை பழைய பழக்கத்தை விடவில்லை. பேஸிலும் பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) பிடித்து, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளாகவே அடித்தார். லிட்டில் ரிச்சர்டின் ராக் அண்ட் ரோல் மீது தீராத பித்து வேறு. ரிக்கன்பேக்கர் பேஸ், மார்ஷல் ஆம்ப்ளிஃபயர். ஆம்ப்ளிஃபயரில் அடி ஒலிக்கான பேஸ், மேல் ஒலிக்கான டிரெபிள் குமிழ்களை இறக்கிவிட்டு, நடு ஒலிக்கான மிட்டை முழுக்க ஏற்றிவைப்பார்.

ரிக்கன்பேக்கர் வாங்க என்னிடம் ரப்பர் தோட்டமா இருக்கிறது? கையில் இருந்த பழைய பேஸிலேயே அதே அமைப்பை வைத்தேன். அடிச்சுரத்தோடு ஐந்தாம் சுரத்தைச் சேர்த்து அடித்தால் கிட்டார் விட்ட இடம் பெருமளவு நிரம்புகிறது. கழுத்தின் முதல் சில ஃபிரெட்களில் (குறுக்குக் கம்பிகளில்) மட்டும் ஒலி கூழாகிவிடுகிறது. ஏழாவதைத் தாண்டினால் தெளிகிறது. அடி ஒலி குறைவதால் காலால் அடிக்கும் கிக் டிரம்மின் ஒலியைக் கூட்ட வேண்டியிருந்தது.

"மக்கா, காது போச்சு" என்றார் டிரம்ஸ் அண்ணன். ஆனால் மறுநாளும் ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்தார்.