9 மாத லேப்ரடார்: மேலே பாயுது, கையைக் கவ்வுது

கேள்வி: ஆண் நாய், 9 மாசம். யார் வந்தாலும் மேலே பாயறான். வெளியே போனா பெல்ட்டை இழுக்கிறான். சாயங்காலம் ஆனா கையைக் கவ்வறான். முன்னெல்லாம் 'உட்கார்'னா உட்காருவான், இப்போ காதிலேயே வாங்கறதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இந்த வயசுக்கே உள்ள குணம்ங்க. பெரிய இனங்களில் 2 வயசு வரைகூட நீளும். பாயும்போது கத்தறதும் தள்ளறதும் அவனுக்கு விளையாட்டு. முதுகைக் காட்டி, கையைக் கட்டிட்டு நில்லுங்க. நாலு காலும் தரையில் பட்ட நொடியே தீனி கொடுங்க, அதையும் தரையில் வைங்க. மேலே நீட்டினா மறுபடி பாய்வான். வீட்டில் ஒருத்தர் மட்டும் பாயும்போது கொஞ்சினாலும் பழக்கம் போகாது. ஆள் வரும்போது கதவைத் திறக்கும் முன்னாடியே பெல்ட் மாட்டிடுங்க.

பதில்: இழுத்தால் அப்படியே நின்றுவிடுங்கள், பெல்ட் தளர்ந்ததும் நடங்கள். மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) உதவும். சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் அடிபடும்.

பதில்: சாயங்காலக் கவ்வல் பல நேரம் தூக்கக் களைப்புதான். இன்னும் ஓடவிட்டா வெறிதான் ஏறும். பழைய துண்டில் தீனியைச் சுருட்டிக் கொடுத்து 10 நிமிஷம் மோப்பம் பிடிக்க விடுங்க, பிறகு அமைதியான மூலையில் படுக்கவிடுங்க. 'உட்கார்' பயிற்சியைச் சத்தமில்லாத அறையில் முதலிலிருந்து தொடங்குங்க, ஒரு தடவைக்கு 5 நிமிஷம் போதும். உடம்பு விறைச்சு, உறுமிக் கடிச்சா அது வேற விஷயம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.