குழந்தை வளர்ச்சி ஆய்வை ஒற்றை வரியில் சொல்லலாமா?

அரைத்தூக்கம்:
இரண்டு வயதுப் பெண்ணின் தகப்பன் நான். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: "பேச்சு குறைந்த வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்களை இழக்கிறது." என் மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், பகலில் அதிகம் பேச முடியாது. அதைப் படித்துவிட்டு அழுதாள்.

இது எங்கிருந்து கிளம்பியது என்று தேடினேன். 1995-ல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு. மொத்தம் 42 குடும்பங்கள், மாதம் ஒரு மணி நேர ஒலிப்பதிவு. அதில் அரசு உதவியில் வாழ்ந்தவை வெறும் 6 குடும்பங்கள். அந்த ஆறையும் வசதியான வீடுகளையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை நான்கு வயது வரை பெருக்கியதில் வந்ததுதான் மூன்று கோடி. இப்படிச் சொல்வதற்குச் சும்மா இருக்கலாம்.

பழைய செவிலி:
தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்." இதுவும் ஒற்றை வரிதான். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் ஊரெல்லாம் சொன்னார்கள். தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பத்தாண்டுக்குள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. எந்தத் தாய் ஆய்வுக் கட்டுரை படித்தாள்?

அரைத்தூக்கம்:
சரி, அதற்கு முன்னால் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது யார்? மருத்துவர்களும் குழந்தை வளர்ப்பு நூல்களும்தானே? அதுவும் ஒற்றை வரியில், இதே உறுதியோடு. 2005-ல் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஆபத்தைக் கண்டுகொள்ளும் அளவுக்கு 1970-லேயே தரவு இருந்தது என்றார்கள்.

பழைய செவிலி:
நானே எத்தனையோ குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்கும். ஆனால் நீங்கள் சொல்வதையே திருப்பிப் பாருங்கள். 1970-ல் தரவு இருந்தது, உரக்கச் சொல்ல ஆள் இல்லை. இருபது வருடம் போயிற்று.

கிண்டல்மணி:
"மொஸார்ட்டின் இசையைக் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும்" என்ற ஒற்றை வரியை விட்டுவிட்டீர்களே! 1993-ல் 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் இசை கேட்டார்கள், கால் மணி நேரம் வரை ஒருவகைப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். கைக்குழந்தை ஒன்றுகூட அந்த ஆய்வில் இல்லை. 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாண ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார். உரக்கச் சொல்ல ஆள் இருந்தால் இப்படியும் ஆகும்.

தரவுப்பிசாசு:
மழலைப் பேச்சு ஆய்வில் வேலை செய்கிறேன், எங்கள் தரப்பையும் திட்டிக்கொள்கிறேன். 2018-ல் வேறொரு குழு அந்தச் சொல் கணக்கைச் சோதித்தது. மூன்று கோடி வித்தியாசம் தெரியவில்லை. உடனே எதிர்ப்பு: "அக்கம்பக்கத்துப் பேச்சையும் எண்ணிவிட்டீர்கள், வசதியான குடும்பங்களையே சேர்க்கவில்லை" என்று. சண்டை ஓயவில்லை, படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

என் குறை வேறு. நாங்கள் பெற்றோரிடம் பேசுவது எல்லாமே முடிவு வந்த பிறகுதான். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 1991-92-ல் சுமார் 14,000 கர்ப்பிணிகளோடு தொடங்கிய குழந்தை வளர்ச்சி ஆய்வு இன்னும் நடக்கிறது. அதன் நெறிமுறைக் குழுவில் ஆய்வுக்கு உட்பட்டவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். எதைக் கேட்கலாம், எப்படிச் சொன்னால் புண்படும் என்று முதலிலேயே ஒருவர் சொல்லிவிடுவார். அரைத்தூக்கம் வீட்டு அம்மா அப்படி ஒரு மேசையில் இருந்திருந்தால் இந்தப் படம் வந்திருக்காது.

அரைத்தூக்கம்:
இருந்திருந்தால் முதல் கேள்வியே "அப்பா பேசியதை எண்ணினீர்களா?" என்பதாக இருக்கும்.

பழைய செவிலி:
நல்ல கேள்விதான். ஆனால் குழு கூடி முடிவெடுக்கும்வரை இன்று பிரசவமான பெண்ணை என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்புவது? படுக்க வைப்பதில் செய்ய வேண்டியது ஒரே காரியம், ஆதாரமும் திடமானது. அதை நான் ஒற்றை வரியில்தான் சொல்வேன். சொல் கணக்கு அந்த ரகமில்லை, அது வீட்டைத் தராசில் வைக்கிறது. அதில் உங்கள் பக்கம் வருகிறேன்.

மனைவியிடம் சொல்லுங்கள்: எண்ண வேண்டாம். குழந்தை ஏதாவது உளறினால் பதிலுக்கு உளறினால் போதும்.

அரைத்தூக்கம்:
சொல்லிவிடுகிறேன் அக்கா. ஆனால் இதுவும் ஒற்றை வரிதான், கவனித்தீர்களா?