விஎச்எஸ் டேப்பைக் கணினிக்கு மாற்றும்போது ஒலி பின்தங்குகிறது, வழி சொல்லுங்கள்

பிபிசி டூவில் வந்த 'நெவர் மைண்ட் த பஸ்காக்ஸ்' பாப் இசை வினாடி வினாவை, மார்க் லமார் நடத்திய காலத்தில் (1996-2005) டிவியிலிருந்து பதிவு செய்த டேப்புகள் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றினால் ஒலி படத்தோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. தொடக்கத்தில் சரியாக இருக்கும், அரை மணி நேர நிகழ்ச்சி முடிவதற்குள் ஒரு நொடி போல விலகிவிடும். இரண்டு பேர் வாயாலேயே ஒரு பாட்டின் முன்னிசையைப் போட்டுக் காட்ட மூன்றாமவர் கண்டுபிடிக்கும் சுற்றுதான் இதில் உயிர், அங்கே உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் என்றால் எப்படிச் சிரிப்பது? அணித் தலைவர் பில் ஜுபிடஸ் வாயை மூடிய பிறகும் டிரம்ஸ் கேட்கிறது.

இருப்பது லண்டனில். டேப்புகள் பிஏஎல் (PAL) எனும் பிரிட்டனின் பழைய டிவி முறையில், பெரும்பாலும் லாங் ப்ளேயில் (டேப் பாதி வேகத்தில் ஓடி இரு மடங்கு நேரம் பிடிக்கும் முறை) பதிவானவை. டேப்பை ஓட்டப் பழைய விசிஆர், அதன் சிக்னலைக் கணினிக்குள் ஏற்ற விலை மலிவான யுஎஸ்பி கேப்ச்சர் கருவி, விண்டோஸ் 10 லேப்டாப். அதே டேப்பை நேரடியாக டிவியில் போட்டால் ஒரு பிசகும் இல்லை.

விசிஆரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன், கேபிள் மாற்றினேன், நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப் படம்), ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்தேன். வேறு மென்பொருளிலும் இதே கதை. டேப்பில் கோடு விழும் இடங்களில் ஃபிரேம்கள் தவறுவதாக மென்பொருள் காட்டுகிறது, அதனால்தான் என்று சந்தேகம். அப்புறம் எடிட்டிங்கில் ஒலியை இழுத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் விலகல் சீராக இல்லாததால் நடுவில் மறுபடி கெடுகிறது.

விசிஆருக்கும் கேப்ச்சர் கருவிக்கும் நடுவே பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்து சிக்னலை அதன் வழியாக விட்டால் இது தீருமா, இல்லை சிக்னலின் நேரத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் கருவியைத்தான் தனியாக வாங்க வேண்டுமா?